வெயிலைக் கூரையிலேயே நிறுத்தப் பார்த்தவர்: யார் இந்த லாரி பேக்கர்? ஒரகடம் வீடுகளுக்கு அவர் கணக்கு ஏன் தேவை?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குப் பெரிய எதிரி சூப்பர்வைசர் இல்லை, மொட்டை மாடிதான். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுக்க 9 மணி ஆகிவிடும். 11 மணிக்கெல்லாம் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் சூடேற ஆரம்பிக்கும். மதியம் 2 மணிக்கு ஃபேன் சுற்றும், ஆனா அது கீழே தள்ளுவது அனலைத்தான். தகர ஷீட் போட்ட லைன் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

லோன் போட்டுச் சொந்த வீடு வாங்கியவர்கள் கதையும் ரொம்ப வேறு இல்லை. வீட்டு லோனுக்கு மேல் இன்டீரியருக்கு ஒரு தொகை: ஃபால்ஸ் சீலிங், பளபளக்கும் டிவி யூனிட், மாடுலர் கிச்சன், கடைசியில் ஏசி. இப்போது இதிலேயே இன்னொரு வகை வந்திருக்கிறது, சூழலுக்கு உகந்த இன்டீரியர். மூங்கில் திரை, சணல் விரிப்பு, நாலு தொட்டிச் செடி. பார்க்க அழகுதான். கூரைச் சூடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வீட்டின் உள்ளழகு என்பது கடைசியில் வாங்கி மாட்டும் சாமான் இல்லை. சுவர், கூரை, ஜன்னல், தரை இவற்றைச் சரியாகச் செய்தால் பாதி சாமானே தேவைப்படாது. இதை அறுபது வருஷம் கட்டிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் கை பட்ட இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், ஈசிஆரில் இடது பக்கம் திரும்பினால் முட்டுக்காடு. அங்கே 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்துக்கு ஆரம்ப வடிவமைப்பு கொடுத்தவர் லாரி பேக்கர். கேரளாவில் அவர் பெயர் தெரியாத கொத்தனார் குறைவு. தமிழ்நாட்டில் ஆர்க்கிடெக்ட்களுக்குத் தெரியும், வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

பர்மிங்ஹாமிலிருந்து பித்தோராகர் வரை

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். நம்ம ஸ்ரீபெரும்புதூர் மாதிரியே தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. அங்கேயே கட்டடக்கலை படித்து 1937-ல் முடித்தார். இரண்டாம் உலகப்போர் வந்தது. துப்பாக்கி தூக்க அவர் மனசாட்சி ஒப்பவில்லை. போரை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், அவர்களது ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே செய்தது கட்டட வேலை இல்லை, காயம்பட்டவர்களையும் தொழுநோயாளிகளையும் கவனிக்கும் வேலை.

உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் தங்கிய வீட்டுக்காரர் காந்திக்கு வேண்டியவர். அப்படித்தான் சந்திப்பு நடந்தது. துணித் துண்டுகளை வைத்துத் தைத்த ஷூ ஒன்றை பேக்கர் போட்டிருந்தாராம். காந்தியின் கண் அதன் மேல் விழுந்ததிலிருந்து பேச்சு ஆரம்பித்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தியாவில் வேலை செய்வதானால் நகரத்துப் பணக்காரர்களுக்கு இல்லை, கிராமத்து ஏழைகளுக்குக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது அங்கேதான். இன்னொன்றும் சேர்ந்து வந்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள், அதாவது சுமார் 8 கிலோமீட்டருக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து. இளம் ஆர்க்கிடெக்டான பேக்கருக்கு அது அப்போது நடைமுறைக்கு ஒத்துவராத பேச்சாகத்தான் தோன்றியது. வாழ்நாள் முழுக்கக் கட்டிப் பார்த்த பிறகு, காந்தி சொன்னதுதான் சரி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

1945-ல் தொழுநோய் மருத்துவப் பணி செய்யும் ஓர் அமைப்பின் கட்டடக்கலைஞராக இந்தியா வந்தார். நோயாளிகளை ஒதுக்கி அடைத்து வைத்திருந்த பழைய விடுதிகளை முறையான ஆஸ்பத்திரிகளாக மாற்றும் வேலை. உத்தரப் பிரதேசத்தின் ஃபைசாபாத்தில் தங்கினார். அங்கே ஒரு சிக்கல். பர்மிங்ஹாமில் படித்த எதுவும் இங்கே உதவவில்லை. களிமண் சுவர், சாணி மெழுகிய தரை, கரையான், பருவமழை, இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஊர்க்காரர்கள் வீடுகளை உட்கார்ந்து கவனித்தார். ஏன் இந்தப் பக்கம் ஜன்னல் இல்லை, ஏன் கூரை இவ்வளவு தள்ளி நீள்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். டிகிரி முடித்து எட்டு வருஷம் கழித்து அவருடைய உண்மையான படிப்பு ஆரம்பித்தது என்றே சொல்லலாம்.

அங்கேதான் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைச் சந்தித்தார். கேரளக் குடும்பத்து மருத்துவர். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. காத்திருந்து 1948-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணமான கையோடு இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போனவர்கள், டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்து மலைக்கிராமத்து ஜனங்கள் தேடி வர ஆரம்பித்ததும், அங்கேயே தங்கிவிட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல்! எலிசபெத் வைத்தியம் பார்த்தார். பேக்கர் அந்த மலைக் கல்லையும் மரத்தையும் வைத்து ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டினார், தேவைப்பட்டபோது நர்ஸ் வேலையும் பார்த்தார். பேக்கரைப் பற்றி எழுதும்போது எலிசபெத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனா அவர் எங்கே வைத்தியம் பார்த்தாரோ அங்கேதான் இவர் கட்டினார் என்பதே உண்மை.

1963-ல் கேரளாவின் வாகமண் மலைக்கு வந்தார்கள். 1970 வாக்கில் திருவனந்தபுரம். அப்போது அவருக்கு வயது 53. நாம் இன்று கொண்டாடும் பேக்கர் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை.

சிவப்புச் செங்கல் நகரத்துக்குள் நுழைந்த கதை

அன்றைய கேரள முதல்வர் அச்சுத மேனனுக்கும் பொருளாதார அறிஞர் கே.என்.ராஜுக்கும் இந்த ஆளைப் பிடித்துப்போனது. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் (சிடிஎஸ்) அமைத்தபோது வளாகத்தைக் கட்டும் வேலை பேக்கரிடம் வந்தது. குன்றுச் சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. மரங்களுக்கு வழிவிட்டுக் கட்டடங்களை வளைத்தார். பூசாத செங்கல் சுவர், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். கம்பி இவ்வளவு, சிமெண்ட் இவ்வளவு என்று பழகிய பொறியாளர்கள் பலர் இதெல்லாம் நிற்குமா என்று சந்தேகப்பட்டார்கள். நிற்கிறது, அரை நூற்றாண்டாக.

திருவனந்தபுரம் போனவர்கள் இன்னொரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், யார் கட்டியது என்று தெரியாமலே. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சிவப்பு நிறத்தில் உருளையாகச் சுருண்டு மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே போனால் மாடிப்படி கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும். அவை எங்கிருந்தோ வாங்கிப் போட்டவை இல்லை. கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. சுவரில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும், ரோட்டு வெயில் உள்ளே விழாது. ஃபர்னிச்சர், விளக்கு, திரைச்சீலை, ஏசி என்று நாலு பேரிடம் நாலு பில் வாங்க வேண்டிய வேலையை ஒரே கொத்தனார் சுவரில் முடித்திருக்கிறார். இன்டீரியர் டிசைன் என்பதற்கு பேக்கர் கொடுத்த விளக்கம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், அந்தக் காபிக் கடையைக் காட்டலாம்.

அவருடைய சொந்த வீடு, நாலாஞ்சிறையில் இருக்கும் ஹாம்லெட், இன்னும் சுவாரசியம். யாரும் வேண்டாம் என்று விட்ட பாறைச் சரிவு. ஒரே மூச்சில் கட்டிய வீடு இல்லை. தேவை வரவர ஒவ்வொரு அறையாக வளர்ந்தது. பழைய கட்டடங்களை இடிக்கும்போது வரும் கதவு, மரச்சட்டம், உடைந்த ஓடு, பாட்டில், எல்லாம் அந்த வீட்டுக்குள் இடம் பிடித்தன. வரைபடம்கூட அவர் புதுத் தாளில் போடுவது அபூர்வம். வந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பழைய கவர், கிடைத்ததில் வரைவார்.

நுட்பம் என்ன? மூன்று விஷயம் புரிந்தால் போதும்

முதலில் சுவர். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை. இங்கிலீஷில் ரேட் ட்ராப் பாண்ட். இங்கிலாந்தில் இருந்த பழக்கம்தான், பேக்கர் கண்டுபிடித்தது இல்லை. ஆனா இந்தியாவில் அதைப் பரப்பியவர் அவர். வழக்கமாக செங்கலைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்துவார்கள். 9 அங்குலச் சுவர் அதே கனத்தில் எழும்பும், நடுவில் மட்டும் காலி இடம் விடும். செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். அந்தக் காலி இடத்தில் நிற்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே சீக்கிரம் கடத்தாது. ஃபிளாஸ்க் வேலை செய்கிற அதே யோசனைதான் இது.

அடுத்து கூரை. ஒரகடத்துப் பகல் தூக்கத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். கான்கிரீட் ஸ்லாபின் மேல் பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது, கீழ்ப் பாதியில் இழுவிசை. இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அப்படியென்றால் கம்பிகளுக்கு நடுவே அவ்வளவு கான்கிரீட் எதற்கு? அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து ஊற்றினார் பேக்கர். ஃபில்லர் ஸ்லாப் என்று பெயர். இரண்டு ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்றுப் பை கிடைக்கும். கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, அதனால் கம்பியும் குறைவு, சூடு இறங்குவதும் தாமதம். கீழிருந்து பார்த்தால் ஓடுகள் வரிசையாகத் தெரியும். ஃபால்ஸ் சீலிங் போடும் ஆசையே வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓட்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்பது கணக்கு. பீம் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, கம்பி இடைவெளி எவ்வளவு என்பதை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். வீடியோ பார்த்து மேஸ்திரியிடம் சொல்லிச் செய்யும் வேலை இல்லை.

மூன்றாவது, ஜன்னல். ஒரு சதுர அடி சுவர் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அதே அளவு ஜன்னல் பத்து மடங்கு வரை ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஜன்னல் எதற்கு? காற்று, வெளிச்சம், வெளியே பார்க்க. இதில் முதல் இரண்டுக்கும் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவரே போதும். நிலை, கதவு, கம்பி, பெயிண்ட் எதுவும் வேண்டாம், பாதுகாப்புக்கும் குறை இல்லை. பூச்சு வேலையையும் இதே கண்ணோடுதான் பார்த்தார். கட்டும் செலவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் பூச்சுக்குப் போகிறது. அதன்மேல் பெயிண்ட், சில வருஷம் கழித்துத் திரும்பப் பெயிண்ட். நல்ல செங்கலை நேராக அடுக்கினால் எதை மறைக்க வேண்டும்?

பணம் எங்கே போகிறது என்பதும் அவருக்கு முக்கியம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கும் காசு ஊரை விட்டு வெளியே போகும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் கூலி அதே ஊர் மளிகைக் கடையில் செலவாகும். அதனால் சாமான் செலவைக் குறைத்து வேலைக் கூலிக்கு இடம் கொடுக்கும் வீட்டையே அவர் விரும்பினார். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7–8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்று இன்று பேசுகிறோம். அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே சிமெண்டை எண்ணி எண்ணிப் போட்டவர் இவர்.

அப்போ ஒரகடத்தில் பேக்கர் வீடு கட்டிவிடலாமா?

அப்படியே நகல் எடுத்தால் அதை முதலில் எதிர்த்திருப்பவர் பேக்கர்தான். பித்தோராகரில் கல், கேரளாவில் செங்கல். இடத்துக்கு இடம் மாற்றியதுதான் அவர் வழி.

ஐந்து மைல் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால் வேடிக்கையான பதில் வரும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-லிருந்து ஓடுகிறது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் கண்ணாடிதான் நம்ம உள்ளூர்ப் பொருள்! ஆனா பேக்கர் தூரத்தை மட்டும் பார்க்கவில்லை, ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு எரிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தார். கண்ணாடி உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டு ஏசியையும் ஓட்டுவது அவர் கணக்கில் இரட்டைச் செலவு.

செங்கல் மட்டும் சுத்தமா என்று கேட்டால், அதுவும் இல்லை. சூளைக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும், மேல்மண்ணை வெட்ட வேண்டும். ஏரிகளை நம்பி இருக்கிற காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பேக்கரே இதை உணர்ந்து, பிற்காலத்தில் சுடாத மண் சுவர் பற்றி அதிகம் பேசினார், அதற்கென்றே படம் வரைந்து சின்னப் புத்தகமும் போட்டார்.

இன்னும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. எலிப்பொறிக் கட்டுக்கு செங்கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணல் மாணலான நாட்டுச் செங்கல் வந்தால் சுவர் நேராக வராது. சேம்பர் செங்கல் பரவாயில்லை. ஜாலி வழியாகக் காற்று வரும், கூடவே கொசுவும் வரும். ஏரிக்கரை ஊர்களில் உள்பக்கம் வலை அடிக்காமல் முடியாது. லாரிகள் ஓடும் ரோட்டோரம் என்றால் தூசியும் சேரும். வயரிங், பைப் எல்லாம் எங்கே போகிறது என்று சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் விட, கூலி அன்றைய கூலி இல்லை. சதுர அடி ரேட் பேசி வேகமாக முடிக்கும் காண்ட்ராக்டில் இந்த நிதானமான வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பேக்கர் தானே சைட்டில் நின்று கொத்தனாருக்குக் கற்றுக்கொடுத்தார், அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

அப்படியும் அவர் கேட்ட கேள்வி ஒன்றை இந்தப் பகுதியில் எந்த வீட்டிலும் கேட்கலாம்: இது இல்லாமல் முடியுமா? கட்டிய வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கலாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே தட்டோடு பதிப்பது பழைய மெட்ராஸ் வீடுகளின் வழக்கம்தான். அதற்கும் வழி இல்லையென்றால் வெயில் காலத்துக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. லைன் வீடு வாடகைக்கு விடும் ஓனர்கள் இதைச் செய்தால், கீழே பகலில் தூங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியும். வாடகைக்காரர் தன் கையால் செய்துகொள்ள வழி குறைவு என்பதே இதில் இருக்கும் சங்கடம்.

அலமாரிக்குப் பலகை வேண்டுமா? தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் வரும் பேக்கிங் பெட்டிகளின் பைன் மரம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். கட்டில், ஷெல்ஃப் செய்யத் தாராளமாகப் போதும். வாங்கும்போது பலகையில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கிய மரம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். பழைய தேக்குக் கதவு, நிலை வேண்டுமென்றால் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் இருக்கவே இருக்கின்றன. இந்த மாதிரித் தேடல் எல்லாம் பேக்கருக்கு ரொம்பப் பிடித்த வேலை.

கடைசி வருஷங்கள்

1985-ல் அச்சுத மேனன், கே.என்.ராஜ் ஆகியோரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்பு இன்றும் இதே முறையில் வீடு கட்டிக் கொடுக்கிறது. 1989-ல் அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அப்போது அவர் இங்கே வந்து 44 வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. விருதுகளைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. முதுமையிலும் சைட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் கட்டியதைக் கண்ணால் பார்க்கத் திருவனந்தபுரம் வரை போக முடியாதவர்களுக்கு முட்டுக்காடு இருக்கிறது. தட்சிணசித்ராவில் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய பழைய வீடுகள்தான் முதலில் கண்ணில் படும். பேக்கருக்குப் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தவர், அவரிடம் பயின்ற ஆர்க்கிடெக்ட் பென்னி குரியகோஸ். மே மாதத்து மதியத்தில் போய், அந்த வீடுகளின் திண்ணையிலிருந்து முற்றம் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.